சாயக் கொப்பரையில் போட்ட கார்

மகனே,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பிக் கிடக்கிறது. உன் நைனாவுக்கு முழங்கால் வலி மட்டும் போகமாட்டேன் என்கிறது. ஊர்ச் செய்தி அவ்வளவுதான், இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று உன் கடிதம் வந்ததும் உன் நைனா தறியை விட்டு எழுந்து வந்து சத்தம் போட்டுப் படித்தார், நான் அடுப்படியில் இருந்தபடியே கேட்டேன். தை மாதத்தில் கல்யாணத்துக்கு நாள் பார்த்தது, ஓசூரில் மூன்று பேருக்கும் போதுமான வீடு பிடித்தது, எல்லாம் கேட்கக் கேட்க மனசு நிறைந்தது. அப்புறம் கல்யாணப் பெண்ணின் குழந்தையைப் பற்றி நீ எழுதின அந்த வரி வந்தது. குழந்தை ரொம்ப நல்ல மாதிரி, நான் உள்ளே போனதும் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறாள், எதற்கும் அடம் கிடையாது, ஒரு தொந்தரவும் இல்லை என்று எழுதியிருந்தாய். உன் நைனா, "பாத்தியா, எவ்ளோ நல்ல புள்ளயா கீது!" என்று பூரித்துப்போனார். எனக்குப் பூரிப்பு வரவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன்.

உனக்கு ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகிறவள் புருஷனை இழந்தவள் என்பதிலோ, ஏழு வயதுப் பெண்ணோடு வருகிறாள் என்பதிலோ எனக்கு எள்ளளவும் குறை இல்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்துத் தன் காலில் நிற்கிற பெண் அவள், உன்னைச் சகித்துக்கொள்ளச் சம்மதித்ததே பெரிய விஷயம். போன வாரம் உன் பெரியப்பா மருமகள் வந்து உட்கார்ந்து, "இன்னொருத்தன் புள்ளைக்கு இவன் எதுக்குத் தகப்பனாவணும்?" என்று கேட்டாள். "நான் இன்னொருத்தி புள்ளைக்குத்தானே சோறு போட்டேன், இன்னா கெட்டுப் போச்சு?" என்று கேட்டேன். காப்பியை முழுசாகக் குடிக்காமலே எழுந்து போய்விட்டாள். ஆகவே என் கலக்கம் வேறு. அந்தக் குழந்தை உன்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறாள் என்கிறாயே, அதுதான். அவளை நான் இன்னும் பார்க்கவில்லை, ஆனால் எனக்கு அவளைத் தெரியும். அதே மாதிரி ஒரு பிள்ளை இந்த வீட்டில் இருந்தான்.

உன்னைப் பெற்றவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது உனக்கு ஒன்பது முடிந்து பத்து நடந்துகொண்டிருந்தது. அடுத்த ஆவணியில் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். காஞ்சிபுரத்தில் என் அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். நான் பிறந்ததிலிருந்து கையில் ஏதாவது ஒரு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். வாயும் கொஞ்சம் நீளம், அதனால் இரண்டு சம்பந்தம் தட்டிப்போயின. இரண்டாந்தாரம் என்றாலும் பரவாயில்லை என்று என்னை உத்திரமேரூருக்குத் தள்ளிவிட்டார்கள். வருகிறபோது என்னென்னவோ நினைத்துக்கொண்டு வந்தேன். பையன் முறைப்பான், சோற்றைத் தட்டிவிடுவான், செத்துப்போன அம்மாவைக் கேட்டு அழுவான், அதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். நீ அப்படி ஒன்றுமே செய்யவில்லை. போட்டதைச் சாப்பிட்டாய். தட்டை நீயே கழுவி வைத்தாய். பாயை நீயே சுருட்டினாய். வந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும், பள்ளிக்கூடத்திலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்தவன் பானைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "தண்ணி குடிக்கலாமாங்க?" என்று என்னைக் கேட்டாய். நீ பிறந்த வீட்டில், உன் வீட்டுப் பானையில் தண்ணீர் குடிக்க நேற்று வந்தவளிடம் அனுமதி கேட்டாய். தெருவில் எல்லோரும், "குடுத்து வெச்சவ நீ, தங்கமான புள்ள" என்றார்கள். நான் தோட்டத்துப் பக்கம் போய் அழுதேன்.

உன் மாமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உன்னைப் பெற்றவளுடைய தம்பி, சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், ராயபுரத்தில் வீடு. எங்கள் கல்யாணத்தன்று சாப்பாடு முடிந்ததும் உன் நைனாவையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "தப்பா எடுத்துக்காதம்மா. உன்ன நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அது எங்க அக்கா புள்ள. முழுப் பரீட்சை முடியட்டும், வந்து பாப்பேன். புள்ள மனசு சரியில்லன்னு தெரிஞ்சா கூட்டிகினு போயிடுவேன், நீங்க யாரும் குறுக்க நிக்கக் கூடாது" என்றார். உன் நைனா தலையை ஆட்டிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். சித்தி கொடுமை என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த ஊர் இது, யாரை நம்பி விட்டுவிட்டுப் போவது? அன்றிலிருந்து எனக்கு முழுப் பரீட்சை என்றாலே பயம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவளுக்குப் பரீட்சை பயம் அப்போதுதான் வந்தது.

தீபாவளிக்கு மாமா அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். கப்பலில் வந்த சாமான், யாரிடமோ சொல்லி வாங்கியது என்றார். பெட்டி மேல் ஒரு காரின் படம். அந்தக் காலத்து வெளிநாட்டுக் கார், நீண்ட மூக்கு, இரண்டு பக்கமும் வளைந்து இறங்குகிற மட்கார்டு, உருண்டையாக இரண்டு பெரிய விளக்கு. அரக்கு நிறத்தில் அப்படி மின்னியது. நீ பெட்டியைத் திறந்தாய். உள்ளே கார் இல்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டங்களில் கதவு, சக்கரம், ஸ்டியரிங் என்று துண்டு துண்டாகக் காய்த்துத் தொங்குவது போல ஒட்டிக்கொண்டிருந்தன. நான், "ஐயய்யோ, உடைஞ்சி நொறுங்கிப் போய் கீது!" என்று கத்திவிட்டேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார், ஒவ்வொன்றாக ஒடித்து எடுத்து ஒட்டிக் கார் கட்ட வேண்டும் என்று விளக்கினார். உன் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்து மறைந்தது. நான் வந்த பிறகு இந்த வீட்டில் நீ சிரித்து அதைத்தான் முதலில் பார்த்தேன், என் மடத்தனத்துக்குச் சிரித்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

தறிக்குப் பக்கத்து ஜன்னலில்தான் நல்ல வெளிச்சம் வரும். அங்கே ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு நீ ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருவாய். உன் நைனா நெய்வார், நீ கார் கட்டுவாய், இரண்டு பேருக்கும் பேச்சே இருக்காது. தறியில் அறுந்த நூலை எடுக்கிற சின்ன இடுக்கியை நைனா உனக்குக் கொடுத்திருந்தார். சட்டத்திலிருந்து துண்டை பிளேடால் வெட்டி எடுத்து, வெட்டின இடத்தில் நிற்கிற முனையைத் தேய்த்து, இடுக்கியால் பிடித்து வைப்பாய். உடனே ஒட்டமாட்டாய். பசை இல்லாமல் வெறுமனே பொருத்தி, எடுத்து, திருப்பி, மறுபடி பொருத்திப் பார்ப்பாய். எனக்குப் பொறுமை போய்விடும். ஒரு நாள், "ஒட்டிட வேண்டியதுதானே?" என்றேன். "இந்தப் பசை பிளாஸ்டிக்கையே கரைச்சி ஒட்டுதுங்க. ஒட்டிட்டா அப்புறம் எடுக்க முடியாதுங்க" என்றாய். அவ்வளவு நீளமாக என்னிடம் நீ பேசினதே கிடையாது. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு, தாசில்தாரிடம் பேசுகிற மாதிரி பேசினாய். இருந்தாலும் அன்றைக்கு நான் சமைத்த குழம்பில் உப்பு போட்டேனா இல்லையா என்று எனக்கே தெரியாத அளவுக்குச் சந்தோஷம்.

பொங்கல் கழிந்து மாசி பிறந்தபோது கார் முக்கால்வாசி ஆகிவிட்டது. சக்கரம் சுற்றியது. ஸ்டியரிங் திரும்பியது. அடிப்பாகம் தனியாக, மேலே கவிழ்க்கிற பாடி தனியாகத் தயாராக இருந்தன. ஆனால் எல்லாம் வெள்ளை. பெட்டியில் பசை இருந்ததே தவிர பெயிண்ட் இல்லை. நீ படத்தைப் பார்ப்பாய், பாடியைப் பார்ப்பாய், பெருமூச்சு விடுவாய். உன் நைனாவிடம், "கலர் இல்ல நைனா" என்றாய். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். அவருடைய 'பாக்கலாம்' என்றால் என்ன என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. மாமா வரப்போகிறார். இந்தப் பிள்ளைக்கு நான் என்ன செய்துவிட்டேன், என்ன சொல்லி இவனை இங்கே இருக்கச் சொல்வேன் என்று மனசு அடித்துக்கொண்டது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அரக்கு நிறம் வேண்டும், அவ்வளவுதானே? இந்த உலகத்தில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே காரியம் அரக்கு நிறம் ஏற்றுவதுதான். பிறந்த வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் ஒரு பொட்டலம் சாயம் வாங்கி வந்தேன்.

நீ பள்ளிக்கூடத்துக்குப் போனதும் தோட்டத்தில் கல்லைக் கூட்டி, சின்னக் கொப்பரையை ஏற்றினேன். பட்டுக்குச் சாயம் பிடிக்க வேண்டுமென்றால் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், இல்லையென்றால் திட்டுத் திட்டாக ஏறும். அப்பா அதைத்தான் ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்திருந்தார். சாயத்தைக் கரைத்தேன். நூலைக் கோலில் கோத்து இறக்குகிற மாதிரியே உன் காரின் பாடியை ஒரு குச்சியில் ஜன்னல் வழியாகக் கோத்து இறக்கினேன். திருப்பித் திருப்பி விட்டேன். சாயங்காலம் பையன் வந்து பார்த்து எப்படித் துள்ளப் போகிறான் என்று நினைத்துக்கொண்டே பாட்டுக்கூட முணுமுணுத்தேன். வெளியே எடுத்தால், சாயம் ஒரு துளி ஏறவில்லை. கார் மட்டும் வெந்துவிட்டது. கூரை நடுவில் குழி விழுந்து, அதன் பின்பக்கம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து நின்றது. கையால் அமுக்கி நிமிர்த்தப் பார்த்தேன், இன்னொரு பக்கம் போய் நசுங்கியது. கை சுட்டது. அதை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு நீ வருகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒளித்து வைக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. எங்கே ஒளிப்பது, நீ வந்ததும் முதலில் தேடுவதே அதைத்தானே?

நீ வந்தாய். பலகையில் தேடினாய். தோட்டத்துக்கு வந்து என் மடியைப் பார்த்தாய். அப்புறம் வந்ததே ஒரு குரல், அது உன்னிடம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. "உன்ன யாரு தொடச் சொன்னது? இன்னா பண்ணி வெச்சி கீற? அறிவு கீதா உனக்கு? என்னைக் கேட்டியா? அது என்னுது! என்னுது!" காலால் கொப்பரையைத் தள்ளினாய், சாயம் பூராவும் தரையில் ஓடியது. புத்தகப் பையைத் தூக்கிச் சுவரில் அடித்தாய். உன் நைனா தறியிலிருந்து குதித்து ஓடிவந்து, "பெரியவங்ககிட்ட இன்னா பேச்சு பேசற?" என்று கையை ஓங்கினார். நான் குறுக்கே போய் நின்றேன். "அவன் என்னைத் திட்டறான், உங்களை யாரு கூப்ட்டாங்க? போயி உங்க வேலயப் பாருங்க!" என்று அவர்மேல் பாய்ந்தேன். அந்த மனுஷன் கையைத் தூக்கினபடியே நின்றார். நீயும் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். எனக்கு அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. மகனே, இந்த வீட்டில் ஆறு மாதமாக நீ விருந்தாளி. விருந்தாளி யாரையும் திட்டமாட்டான். என் பிள்ளை என்னைத் திட்டிவிட்டான் என்று எனக்குச் சந்தோஷம் நெஞ்சு கொள்ளவில்லை. நீ அன்று சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. உன் நைனா மட்டும் யாருக்கும் தெரியாமல் இரண்டு பேர் பங்கையும் சாப்பிட்டார்.

அப்புறம் நீ என்னோடு பேசாமல் இருந்தாய். ஆனால் முன்னால் பேசாமல் இருந்ததற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்! இப்போது முறைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாய். பானையில் தண்ணீரை யாரையும் கேட்காமல் மொண்டு, சத்தம் வருகிற மாதிரி சொம்பை வைத்தாய். தட்டைக் கழுவவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் அதைக் கழுவி வைத்தேன். மன்னிப்பு கேட்டேன்தான், ஒரே ஒரு தடவை. "தெரியாம பண்ணிட்டேன்டா. பட்டு மாதிரி நெனச்சிட்டேன்" என்றேன். நீ மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாய். அதற்கு மேல் உன்னைத் தாஜா பண்ணப் போகவில்லை. கோபம் உன்னுடையது, அது தீரும்போது தீரட்டும் என்று விட்டுவிட்டேன்.

தீர்த்து வைத்தது தெருவில் போன ஒரு மாப்பிள்ளை அழைப்பு. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் செங்கல்பட்டிலிருந்து ஒரு பழைய திறந்த கார் வாடகைக்கு வரும், நினைவிருக்கிறதா? மாப்பிள்ளை கோட்டும் சூட்டுமாக வேர்த்துக்கொண்டு நடுவில், சுற்றிலும் சொந்தக்காரர் பிள்ளைகள் ஈ மொய்க்கிற மாதிரி. முன்னால் பேண்டு, பக்கத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கு. சாயங்காலம் அது நம் தெருவில் நுழைந்ததும் நீ எழுந்து ஓடினாய். நான் வாசலில் நின்று பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் மாப்பிள்ளையைப் பார்க்கிறார்கள், நீ மட்டும் காரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாய். கோயில் முன்னால் கார் நின்றபோது டிரைவரிடம், "இதுக்கு மேல மூடறது எங்கண்ணா?" என்று கேட்டாய். "தோ, மடிச்சி பின்னாடி வெச்சிருக்கேன் பாரு. மழை வந்தா இழுத்து வுட்டுக்க வேண்டியதுதான்" என்று அவர் திரும்பாமலே சொன்னார். நீ ஓட்டமாக ஓடி வந்தாய். மூச்சு வாங்க என் முன்னால் நின்று, "மேல வெட்டிடலாம். கூரையே வேணாம்" என்றாய். நான் ஒன்றும் கேட்காமல் உன் நைனாவிடமிருந்து இரும்பு அறுக்கிற பிளேடை வாங்கி வந்தேன்.

அதை வெட்ட இரண்டு பேர் வேண்டியிருந்தது. நான் பாடியை ஆடாமல் பிடித்துக்கொள்ள, நீ முன்கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னாலிருந்து மெதுவாக அறுத்தாய். "ஆட்டாத" என்றாய். "ஆட்டல" என்றேன். "ஆட்டறியே" என்றாய். நெளிந்த கூரை தனியாக வந்துவிட்டது. அதைத் தூக்கி எறியப் போனேன், நீ பிடுங்கிக்கொண்டாய். பெயிண்டை முதலில் அதில் பூசிப் பார்க்க வேண்டும் என்றாய். சைக்கிள் கடையில் மட்கார்டில் பேர் எழுதுகிற பெயிண்ட் கொஞ்சம் வாங்கினோம். என்ன நிறம் என்று கேட்டதற்கு, "அரக்கு மட்டும் வேணாம். அந்தக் கலரப் பாத்தாலே கோவம் வருது" என்றாய், அதனால் கிளிப்பச்சை. கடைக்காரர் கொடுத்த தின்னரைக் கலந்து கூரைத் துண்டில் பூசினால், பெயிண்டோடு பிளாஸ்டிக்கும் இளகி வழிந்தது. நீ என்னைப் பார்த்தாய். "இதுக்கு நான் பொறுப்பில்ல" என்றேன். நீ சிரித்துவிட்டாய். அடுத்தது டர்பன்டைன் கலந்து பூசினோம், அது சாதுவாக நின்றது. ஒரு பூச்சு மெல்லிசாக, காயவிட்டு இன்னொரு பூச்சு. தூசி படாமலிருக்கக் கோழி கவிழ்க்கிற கூடையைக் கவிழ்த்து அதன்மேல் நைனாவின் வேட்டியைப் போர்த்தி வைத்தோம். காய்ந்ததா என்று பார்க்க நான் கட்டைவிரலால் தொட்டேன், அச்சுப் பதிந்துவிட்டது. மறுபடியும் திட்டு விழுந்தது. இந்தத் தடவை நானும் திருப்பித் திட்டினேன். பக்கத்து வீட்டிலிருந்து என்ன சண்டை என்று எட்டிப் பார்த்தார்கள்.

மடித்து வைத்த கூரையை நான்தான் செய்தேன், அதை நீ மறுக்க முடியாது. தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியில் கறுப்புத் துணியை நனைத்து, மடிப்பு மடிப்பாக வைத்து, விறைப்பாகக் காயவைத்துக் கொடுத்தேன். பின்பக்கம் வைத்ததும் செங்கல்பட்டுக் கார் கெட்டது போ என்று ஆனது. சீட்டுக்குத் துணி வேண்டுமென்று நைனாவின் தறிக்கடியில் கிடந்த பட்டுத் துண்டுகளைக் கிளறி நீயே ஒன்றை எடுத்தாய். அரக்கு.

முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் மாமா வந்துவிட்டார். கையில் காலிப் பெட்டி ஒன்று, உன் துணிமணிகளை வைப்பதற்கு. மோர் கொடுக்கிறேன் என்று போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அவர் கண்ணில் முதலில் பட்டதே கார்தான். எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது. "இன்னாடா இது, மேல கூரை எங்க? யாரு உடைச்சது?" என்று உன்னைக் கேட்டார், பார்த்தது என்னை. உன் நைனா தறியை நிறுத்திவிட்டார். நீ என்ன சொன்னாலும் அவர் நம்புவார் என்று எனக்குத் தெரியும். நீ சாதாரணமாகச் சொன்னாய்: "சின்னம்மா சாயத்துல போட்டு வேக வெச்சிட்டாங்க மாமா. நான் நல்லா திட்டிட்டேன்."

மாமாவின் புருவம் ஏறியது. "திட்டினியா? அதுக்கு இன்னா பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல. நைனா என்ன அடிக்க வந்தாரு. இவங்க அவர திட்டிட்டாங்க. அப்புறம் ரெண்டு பேரும் கூரைய வெட்டிட்டோம். இந்த மடிப்பு இவங்க வெச்சது, கொஞ்சம் கோணலா கீது பாரு."

மாமா காரைக் கீழே வைத்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். "ஏம்மா, பயந்துகினு கீற புள்ளய கூட்டிகினு போலாம்னு வந்தேன். இங்க பயந்துகினு நிக்கறது நீதான்" என்றார். உண்மைதான், தூணைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். ஆனாலும் அவர் கடமையை விடவில்லை. உன்னை மடியில் இழுத்து உட்கார வைத்து, "மாமாகூட மெட்ராஸுக்கு வரியா?" என்று கேட்டார். நீ யோசித்தாய். அந்த யோசனை முடிவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "லீவுக்கு வரேன் மாமா" என்றாய். "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள இட்டாந்து வுட்டுடணும்." அன்றைக்கு மாமா கொண்டுவந்த காலிப் பெட்டியில் நான் முறுக்கு சுட்டு அடுக்கி அனுப்பினேன்.

இதையெல்லாம் உனக்குத் தெரியாது என்று எழுதவில்லை. நீ அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாய், நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன், இப்போது என் பக்கத்துக்கு நீ வரப் போகிறாய், அதனால் எழுதுகிறேன். அந்தக் குழந்தை நல்லவளாக இருக்கிறாள் என்றால் உன்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று அர்த்தம். உனக்குக் கோபம் வந்தால் அவள் அம்மாவுக்குக் கஷ்டம் வருமோ, தன்னை எங்காவது அனுப்பிவிடுவார்களோ என்று அந்தச் சின்ன மண்டைக்குள் என்னென்ன ஓடுகிறதோ! மிட்டாய் வாங்கிக் கொண்டுபோய்க் குவிக்காதே. அதற்கும் எழுந்து நின்று நன்றி சொல்வாள், அவ்வளவுதான் நடக்கும். அவளுடைய சாமானை அவளைக் கேட்காமல் தொடாதே, நான் பட்டது போதும். ஆனால் உன்னால் ஏதாவது தப்பு நடந்துவிட்டால் பதறிப்போய் மூடி மறைக்காதே. அவள் கத்தட்டும். கத்தினால் அவள் அம்மா அதட்டுவாள், பாவம், உன் முன்னால் பிள்ளை இப்படிப் பேசுகிறதே என்று அவளுக்கு இருக்கும். அப்போது நீ குறுக்கே போய் நில். அப்பா என்று கூப்பிடச் சொல்லாதே, யாரையும் சொல்ல விடாதே. நீ எப்போது என்னைச் சின்னம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாய் என்று நானும் உன் நைனாவும் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறோம், இருவருக்கும் நினைவில்லை. நீ என்னை அம்மா என்று கூப்பிட்டதே இல்லை. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அந்தப் பேருக்கு உரியவள் உன்னைப் பெற்றுப் பத்து வருஷம் வளர்த்துவிட்டுப் போயிருக்கிறாள், அது அவளோடு இருக்கட்டும்.

இன்னொன்று. கார் இங்கே அலமாரியில்தான் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் அவளுக்குக் கொடுக்கலாம் என்று நீ நினைத்தாலும் நினைப்பாய், உனக்கு அப்படி உருகுகிற புத்தி உண்டு. வேண்டாம். அது நீயும் நானும் போட்ட சண்டை. அவளுக்கு அவள் சண்டை வேண்டும், உன்னோடு போட்டுக்கொள்ளட்டும். நாளாகும். எனக்கே ஆறு மாதம் ஆனது, அதுவும் நான் கொப்பரையை ஏற்றினதால்தான். உனக்குப் பொறுமை என்னைவிட அதிகம், பசை இல்லாமல் பொருத்திப் பார்க்கத் தெரிந்தவன் நீ. உடனே இதைப் பெரிய தத்துவமாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டாதே, எனக்குச் சிரிப்பு வரும். நீ நன்றாகத்தான் இருப்பாய். அந்த இரண்டு பேரும் உன்னிடம் நன்றாகத்தான் இருப்பார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை, கலக்கம் மட்டும்தான், அது வேறு.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. உன் நைனா இப்போதே தறிக்கடியைச் சுத்தம் பண்ண ஆரம்பித்துவிட்டார். நான் என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்குக் காரம் ஆகுமா, ஆகாதா? நீயாக முடிவு பண்ணாமல் அவளையே கேட்டு எழுது. "எதுவானாலும் சரிங்க" என்று சொன்னால், மறுபடியும் கேள்.

உன்
சின்னம்மா